புதுப்பிப்பு: எஸ்டி ரோடுகிங் பைக்கில் சைடு பை மாட்டியாச்சு

பழைய ரோடுகிங்கில் சைடு பை மாட்டினா சைலன்சர் சூட்டில் பொசுங்கிடாதான்னு கேட்டிருந்தேனே, வேலை முடிஞ்சுது. சிலிண்டர் ஒண்ணுதான், ஆனா சைலன்சர் ரெண்டு பக்கமும் ஓடுது, தப்பிக்க வழியில்லை.

காட்பாடி பட்டறை அண்ணன் சேஸில் (வண்டியோட எலும்புக்கூடு) வெல்டிங் வைக்கவே மாட்டேன்னுட்டார். "பழைய பைப்பு தம்பி, சூடு காட்டினா வலு போயிடும்." பின் ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டை நீளமா மாத்தி, அதில் தொங்குற மாதிரி தனி ஃபிரேம் வளைச்சுக் கொடுத்தார். கீழ் போல்ட்டில் மாட்டவே கூடாது. அது சக்கரத்தோட சேர்ந்து ஏறி இறங்கும். சைலன்சருக்கு மேல நாலு விரல் இடைவெளி, நடுவில் அலுமினியத் தகடு. பை ராணிப்பேட்டைத் தோல், வேறென்ன!

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் பார்த்தாச்சு, பை அசையலை. பின் இண்டிகேட்டர்தான் மறையுது. அதைத் தள்ளி வைக்க யாராவது பிராக்கெட் அடிச்சிருந்தா படம் போடுங்க.