சக்கைச் சாற்றில் சைலோஸை ஈஸ்ட் தொடவே இல்லை

சக்கைக்காரன்:
எம்.டெக். புராஜெக்டுக்காகக் கரும்புச் சக்கையிலிருந்து எத்தனால் எடுக்கப் பார்க்கிறேன். சக்கையை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டு ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் வேகவைத்து), நாரைச் சர்க்கரையாக உடைக்கும் செல்லுலேஸ் நொதி சேர்த்து, கிடைத்த சாற்றில் பேக்கரி ஈஸ்ட் விட்டேன். ஒரே நாளில் குளுக்கோஸ் காலி. மூன்றாம் நாளும், சர்க்கரைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில், சக்கையிலிருந்து வரும் இன்னொரு சர்க்கரையான சைலோஸின் பீக் அப்படியே நிற்கிறது. "வேறு ஈஸ்ட் பார்" என்றதோடு கைடு ஊருக்குப் போய்விட்டார். ஈஸ்ட் செத்துவிட்டதா?

மொட்டைமாடி:
ஃபர்ஃபுரால் (அமிலச் சூட்டில் சர்க்கரை சிதைந்து உண்டாகும், ஈஸ்ட்டுக்கு ஆகாத பொருள்) அதிகமாக இருக்கும். சாற்றில் பாதாம் வாடை வருகிறதா? சுண்ணாம்பு போட்டு பிஹெச் 10 வரை ஏற்றி, வடிகட்டி, திரும்ப 5.5க்கு இறக்கிப் பாருங்கள்.

பழைய நொதிக்காரி:
சுண்ணாம்பு நல்லதுதான், ஆனால் இங்கே கோளாறு அது இல்லை. ஒரே நாளில் குளுக்கோஸைத் தின்று தீர்த்த ஈஸ்ட் எப்படிச் செத்திருக்கும்? பேக்கரி ஈஸ்ட்டுக்குச் சைலோஸை நொதிக்கத் தெரியாது தம்பி, அவ்வளவுதான்.

1990களில் பர்டூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோ குழு, சைலோஸை நொதிக்கத் தெரிந்த பிக்கியா ஸ்டிபிடிஸ் என்ற ஈஸ்ட்டின் ஜீன்களைப் பேக்கரி ஈஸ்ட்டுக்குள் புகுத்தியது. வேலை நடந்தது. ஆனால் அந்த வழியில் ஒரு நொதி சைலோஸைச் சைலிடாலாக்கும், இன்னொன்று சைலிடாலை ஈஸ்ட் தின்னக்கூடிய சைலுலோஸாக்கும். எலக்ட்ரான் சுமக்கும் துணை மூலக்கூறுகளில் முதல் நொதிக்குப் பிடித்தது என்ஏடிபிஹெச். இரண்டாவது திருப்பித் தருவதோ என்ஏடிஹெச். ஒரு கடையில் வாங்கிய கடனை வேறு கடையில் அடைத்தால் கணக்கு நேராகுமா? பாதி வழியில் சைலிடாலாகத் தேங்கும். 2003இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு பைரோமைசிஸ் பூஞ்சையின் ஐசோமரேஸ் என்ற நொதிக்கான ஜீனைப் பேக்கரி ஈஸ்ட்டில் வைத்தது. அது சைலோஸை ஒரே எட்டில் சைலுலோஸ் ஆக்கிவிடும், கடன் பேச்சே இல்லை. அந்தப் பூஞ்சையைப் பிரித்தெடுத்தது இந்திய யானையின் லத்தியிலிருந்து! கரும்பு தின்கிற பிராணிதானே, தெரியாமலா இருக்கும்.

ஃபுளோரிடாவில் லோனி இன்கிரம் தலைகீழாக யோசித்தார். ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா சைலோஸைத் தானாகவே தின்னும், எத்தனால்தான் சரியாக வராது. கள்ளில் இருக்கும் சைமோமோனாஸ் பாக்டீரியாவின் இரண்டு ஜீன்களை அதில் சேர்த்தார். 1991இல் அதற்குக் கிடைத்தது அமெரிக்காவின் 50 லட்சமாவது காப்புரிமை.

இதெல்லாம் உனக்கு இப்போது வேண்டாம். மரபணு மாற்றிய ரகத்துக்கு உயிரிப் பாதுகாப்புக் குழு அனுமதி வருவதற்குள் உன் வைவாவே முடிந்துவிடும். ஸ்டிபிடிஸையே நேராக வாங்கிப் போடு. அதற்குக் கொஞ்சம் காற்று வேண்டும். நான் முதல் தடவை ரப்பர் கார்க்கை இறுக்கி மூடிவிட்டு நாலு நாள் தேவுடு காத்தேன். சைலோஸ் இறங்கவே இல்லை. அதற்காகக் காற்றை அள்ளி விட்டாலும் எத்தனாலைத் தானே தின்றுவிடும்.

சக்கைக்காரன்:
அக்கா, அப்படியென்றால் பஞ்சு அடைப்பா? ஷேக்கர் எவ்வளவு?

பழைய நொதிக்காரி:
பஞ்சுதான். 100 ஆர்.பி.எம்.மில் தொடங்கு, ஃபிளாஸ்க்கைப் பாதிக்குக் குறையாமல் நிரப்பு. மொட்டைமாடி சொன்ன சுண்ணாம்பையும் போட்டுவிடு, ஸ்டிபிடிஸ் ஃபர்ஃபுராலுக்கு ரொம்பப் பயப்படும்.