ஞாயிறு ஒகேனக்கல்: தருமபுரி ஓட்டம் + சைக்கிள் குழு

வியாழக்கிழமை

மாதேஷ், இரவு 8:04
டூயத்லானுக்கு இன்னும் 5 வாரம். 10 கி.மீ. ஓட்டம், 40 சைக்கிள், திரும்ப 5 ஓட்டம். இந்த ஞாயிறு ஒகேனக்கல் போய்ட்டு வரலாமா? போக 46, வர 46.

சரண்யா, 8:06
நான் ரெடி. ஆனா தொப்பூர் பக்கம் போனா என்ன? அங்கயும் ஏத்தம் இருக்கு, ரோடும் நல்லா அகலம்.

கடை முனுசாமி அண்ணன், 8:09
தொப்பூர் பேச்சே வேண்டாம்மா. சரக்கு லாரி இறக்கத்துல பிரேக் சூடாகி நிக்காம வர்ற இடம் அது. ரோட்டோட அகலம் அவங்களுக்கு, நமக்கு இல்ல.

கவிதா டீச்சர், 8:15
ஒகேனக்கல்லே போகலாம். ஆனா அது தலைகீழ் மலைன்னு மனசுல வச்சுக்கங்க. ஏற்காடுன்னா தெம்பா ஏறிட்டு, களைச்சப்புறம் இறங்கிடலாம். இங்க பென்னாகரம் தாண்டி ஆத்துக்கு ஜம்முனு இறங்கிட்டு, 46 கி.மீ. மிதிச்ச காலோட, வெயில் ஏறுற நேரத்துல கணவாய் ஏறணும். போகும்போது மிச்சம் பிடிச்சாத்தான் வரும்போது செலவுக்கு இருக்கும்.

மாதேஷ், 8:17
அப்ப காலைல 4 மணிக்கே கிளம்பிடலாம் டீச்சர். வெயிலுக்கு முன்னாடி முடிஞ்சிடும்.

கவிதா டீச்சர், 8:20
வேண்டாம் தம்பி. பென்னாகரத்துக்கு அப்புறம் காடு, யானை நடமாட்டம் உள்ள இடம். இருட்டுல இறங்கக் கூடாது. பிப்ரவரியில வெளிச்சம் வர 6:30 ஆகிடுது. 5:15க்கு பஸ் ஸ்டாண்டு, இண்டூர் வழியா 6:45க்கு பென்னாகரம், டீ குடிச்சிட்டு 7 மணிக்கு இறக்கம். கீழ அரை மணி நேரத்துக்கு மேல நிக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை 9 மணிக்கு மேல டூரிஸ்ட் வண்டிங்க வரிசையா வரும், அதுக்குள்ள நாம மேல ஏறி வந்துடணும்.

சரண்யா, 8:22
பென்னாகரம் வரைக்கும் என்ன வேகம் டீச்சர்?

கவிதா டீச்சர், 8:25
மணிக்கு 20, 21. வேகத்தைப் பார்க்கறதை விட மூச்சைப் பாருங்க. பக்கத்துல வர்றவங்ககிட்ட ஒரு முழு வாக்கியம் நிறுத்தாம பேச முடியணும். பாதி வாக்கியத்துல மூச்சு வாங்குச்சுன்னா கியரைக் குறைங்க. ஒரு நிமிஷத்துக்கு பெடல் 80லிருந்து 90 சுத்து சுத்தணும்.

மாதேஷ், 8:31
ஏத்தத்துல என் வண்டிக்கு முன்னாடி 42 பல், பின்னாடி பெருசு 28. போதுமா?

கடை முனுசாமி அண்ணன், 8:40
கணக்குப் போட்டே பார்த்துடலாம். 42ஐ 28ஆல வகுத்தா 1.5. 700×32 டயர் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 2.15 மீட்டர். அப்ப ஒரு மிதிக்கு 3.2 மீட்டர். நிமிஷத்துக்கு 60 மிதின்னாலே மணிக்கு 11.6 கி.மீ. போயே ஆகணும். ஏத்தத்துல அந்த வேகம் வராது, நீ 40 மிதிக்கு இறங்கிடுவ, பாரம் பூரா முட்டி மேல விழும். முன்னாடி 28 பல், பின்னாடி 34 உள்ள ஹைப்ரிடுல அதே 60 மிதிக்கு 6.4 கி.மீ. தான். மெதுவா போனாலும் கால் சுத்திக்கிட்டே இருக்கும். உன் பின் ஹப்புல 8 ஸ்பீடு கேசட்தான் (பல் சக்கர அடுக்கு) இருக்கு. 11-34 மாட்டலாம், ஆனா உன் டிரெயிலர் (செயினை பல்லு விட்டு பல்லு தள்ளுற கை) 34 வரைக்கும் எட்டுதான்னு மொதல்ல பார்க்கணும். செயினும் கொஞ்சம் நீளம் கூட வேணும்.

மாதேஷ், 8:42
இந்த வாரமே மாத்திடலாமாண்ணா?

கடை முனுசாமி அண்ணன், 8:46
மாத்தினா செயினோட சேர்த்து மாத்து. பழைய செயினை 12 இஞ்ச் ஸ்கேல் வச்சுப் பாரு: ஒரு பின்னோட நடுவுல சைபர் வச்சா 24 கண்ணி தள்ளி இருக்கிற பின் சரியா 12ல நிக்கணும். ஒரு இஞ்ச்ல பதினாறுல ஒரு பங்கு தள்ளியிருந்தா செயின் போச்சு. எட்டுல ஒரு பங்கு தள்ளியிருந்தா கேசட்டும் சேர்ந்து தேஞ்சிருக்கும். தேஞ்ச கேசட்டுல புது செயின் போட்டா சமதளத்துல தெரியாது, ஏத்தத்துல அழுத்தும்போது பல்லு தாவும். கால் வழுக்கி கம்பி மேல விழற இடம் அது 😬

சரண்யா, 8:48
பெரிய பல்லுக்கு மாத்தும்போது என் செயின் ஸ்போக்ஸ் பக்கம் கடகடங்குது.

கடை முனுசாமி அண்ணன், 8:55
அதோட வராதம்மா. டிரெயிலர்ல ரெண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும், எச், எல். எல் தளர்ந்திருக்கு. பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சு, பெடலை சுத்திக்கிட்டே பெரிய பல்லுக்கு மாத்து. அப்புறம் டிரெயிலரைக் கையால ஸ்போக்ஸ் பக்கம் தள்ளு. பெரிய பல்லைத் தாண்டிப் போனா எல் ஸ்க்ரூவை கடிகாரம் சுத்துற பக்கம் கால் சுத்து, கால் சுத்தா திருப்பு, தாண்டாம நிக்கிற வரைக்கும். வண்டி எப்பவாவது வலது பக்கமா விழுந்திருந்தா ஹேங்கர், அதான் டிரெயிலர் மாட்டியிருக்கிற கொக்கி, வளைஞ்சிருக்கும். அப்ப ஸ்க்ரூ திருப்பிப் பிரயோஜனம் இல்ல, கடைக்குக் கொண்டா.

கடை முனுசாமி அண்ணன், 8:57
எல்லாருக்கும்: ஏத்தம் வந்தப்புறம் கியர் மாத்தாதீங்க. வளைவு தெரியும்போதே, கால் லேசா இருக்கும்போதே மாத்திடுங்க. அழுத்திக்கிட்டே மாத்தினா செயின் அறுந்துடும்.

வெள்ளிக்கிழமை

மாதேஷ், காலை 6:50
இறக்கத்துல பிரேக் பிடிச்சுக்கிட்டே போனா பத்திரம்தானே?

கடை முனுசாமி அண்ணன், 7:20
அதுதான் பெரிய தப்பு. ரிம் பிரேக்கைத் தொடர்ந்து உரசவிட்டா ரிம் கொதிக்கும், டியூப்ல காத்து விரியும், பஞ்சர் ஒட்டின இடத்துல பசை இளகி விட்டுடும். நேர் ரோட்டுல நல்லா அழுத்திக் குறை, விடு, திரும்ப அழுத்து. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிட்டு, வளைவுக்குள்ள போனதும் விட்டுடு. வெளிப்பக்க பெடல் கீழ, பார்வை வளைவு முடியுற இடத்துல. ரெண்டு பிரேக்கும் சேர்த்து. ஆனா வளைவுல மணல் கிடந்தா முன் பிரேக்கைத் தொடாத.

சனிக்கிழமையே பார்க்க வேண்டியது: லீவரை முழு பலத்துல இழுத்தாலும் ஹேண்டிலுக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம் இருக்கணும். பிரேக் கட்டையில வரிப்பள்ளம் தேஞ்சு மொழுக்குன்னு ஆகியிருந்தா மாத்து. கட்டை ரிம்மைத்தான் தொடணும். டயரைத் தொட்டா ஒரே இறக்கத்துல டயரைக் கிழிச்சிடும். டிஸ்க் வண்டின்னா பேடுல மருந்து அரை மில்லிமீட்டருக்கு வந்துடுச்சுன்னா வேற போடு.

சரண்யா, 7:24
காத்து?

கடை முனுசாமி அண்ணன், 7:27
700×32, ஆள் 65–70 கிலோன்னா பின்னாடி 65, முன்னாடி 60 பி.எஸ்.ஐ. குறைச்சலா விட்டா குழியில இறங்கும்போது ரிம் டியூபைக் கடிச்சு பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். ஒரே ஓட்டைன்னா முள்ளு. டியூபை மாத்தறதுக்கு முன்னாடி டயரோட உள்பக்கம் விரலால தடவிப் பாருங்க, மெதுவா. வேலிகாத்தான் முள்ளு முனை உடைஞ்சு உள்ளயே நிக்கும். அதை எடுக்காம புது டியூப் போட்டா அரை கிலோமீட்டர்ல திரும்பவும் பஞ்சர்.

மாதேஷ், 7:30
கீழ போய் ஒரு குளியல், ஒரு எண்ணெய் மசாஜ் 😁

கவிதா டீச்சர், 7:33
மசாஜ் பண்ணின கையோட பிரேக் பிடிச்சா லீவர் வழுக்கும். அந்தக் கையால டிஸ்க்கைத் தொட்டா பிரேக்கே போச்சு. குளியலும் வேண்டாம். மீன் வறுவலும் ஏறி முடிச்சப்புறம்தான். பழத்தை ஹேண்டில் பையில தொங்கவிடாதீங்க, குரங்கு பையோட பிடுங்கிடும்.

சரண்யா, 7:36
சாப்பாடு என்ன டாக்டர்? காலைல களி சாப்பிட்டு வரலாமா?

டாக்டர் சம்பத், 8:10
களி முந்தின நாள் ராத்திரி சாப்பிடுங்க. காலைல சாப்பிட்டா நார்ச்சத்தால ஜீரணம் மெதுவாகும், ஏத்தத்துல வயிறு கனக்கும். கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாடி 2 இட்லி இல்லைன்னா 2 வாழைப்பழம் போதும். வண்டியில மணிக்கு 30லிருந்து 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒண்ணுல 25 கிராம் மாதிரி இருக்கும். பசி எடுத்தப்புறம் தின்னா லேட். 40 நிமிஷத்துக்கு ஒருக்கா எதையாவது வாயில போடுங்க. ஆத்தங்கரையில கட்டாயம் ஒண்ணு.

தண்ணி மணிக்கு அரை லிட்டர்லிருந்து முக்கால் லிட்டர். ரெண்டு பாட்டில், ஒண்ணுல ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டில்ல கொட்டாதீங்க. கரைசல் கெட்டியாகிப் போனா வயிறு இழுக்காது, குமட்டும். டெட்ரா பாக்கெட்டுல ஓ.ஆர்.எஸ்.னு பேர் போட்டு வித்த இனிப்பு ஜூஸை நம்பாதீங்க. அந்தப் பேரைப் போடக்கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிடுச்சு.

டாக்டர் சம்பத், 8:13
போறதுக்கு முன்னாடியும் வந்தப்புறமும் எடை பாருங்க. 1 கிலோ குறைஞ்சா 1 லிட்டர் வேர்வைன்னு வச்சுக்கலாம். எடை கூடியிருந்தா வெறும் தண்ணிய அளவுக்கு மேல குடிச்சிருக்கீங்க. ரத்தத்துல சோடியம் இறங்கி மயக்கம் வர்றது அதனாலதான்.

மாதேஷ், 8:15
முட்டி லேசா வலிக்குது டாக்டர். வலி மாத்திரை போட்டுட்டு வரட்டா?

டாக்டர் சம்பத், 8:18
கூடவே கூடாது. உடம்பு நீர் வத்தின நேரத்துல அந்த மாத்திரை கிட்னியைத்தான் பிடிக்கும். வலி முட்டிக்கு முன்னாடியா, பின்னாடியா?

மாதேஷ், 8:19
முன்னாடி.

டாக்டர் சம்பத், 8:21
சீட் தாழ்ந்திருக்கும். பெடல் அடியில இருக்கும்போது குதிகால் வச்சா கால் நேரா நீளணும், இடுப்பு சாயக் கூடாது. ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டர் மட்டும் ஏத்து. ரொம்ப ஏத்தினா வலி பின்பக்கம் போயிடும். அப்புறம் அந்த 42 பல்லை மாத்து 😄

கவிதா டீச்சர், 8:30
திரும்பி வந்ததும் யாரும் உக்காரக் கூடாது. வண்டிய நிறுத்திட்டு 2 நிமிஷத்துல ஷூ மாத்தி ஸ்டேடியத்துல 2 கி.மீ. ஓட்டம். கால் கட்டை மாதிரி இருக்கும், அடியை நீட்டி வைக்காம சின்னதா, வேகமா வைங்க. முதல் 500 மீட்டர் எவ்வளவு மெதுவா ஓடினாலும் சரி. போட்டியில முதல் 10 கி.மீ.யும் தனியா ஓடுற வேகத்தை விட கிலோமீட்டருக்கு 10, 15 வினாடி கூட எடுத்து மெதுவாத்தான் ஓடணும்.

ஹெல்மெட் வாரையும் இப்பவே பழகிக்கங்க. மாட்டினப்புறம்தான் ஸ்டாண்டுல இருந்து வண்டிய எடுக்கணும். திரும்ப ஸ்டாண்டுல வச்சப்புறம்தான் கழட்டணும். மாத்திச் செஞ்சா போட்டியில அபராதம்.

கடை முனுசாமி அண்ணன், 8:41
நாளைக்கு சாயங்காலம் 5 மணிக்கு எல்லா வண்டியும் கடைக்கு. ஆளுக்கு ஒரு ஸ்பேர் டியூப், டயர் கழட்ட ரெண்டு லீவர், பம்ப், முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு. டியூப் சைஸும் வால்வும் இங்க எழுதுங்க.

சரண்யா, 8:43
700×32, மெலிசு வால்வு.

மாதேஷ், 8:44
700×32. வால்வு தெரியலண்ணா.

கடை முனுசாமி அண்ணன், 8:44
போட்டோ அனுப்பு.