கிராஃபிக்ஸ் கார்டு சூடு: கோர் 66 டிகிரிதான், ஆனாலும் ஸ்கிரீன் கறுப்பு

தங்கச்சிமடத்திலிருந்து:

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குத் தொழில். செகண்ட் ஹேண்டுல வாங்குன ஜிடிஎக்ஸ் 1070 கிராஃபிக்ஸ் கார்டு, ஒத்தை ஃபேன் வச்ச ப்ளோயர் மாடல். சித்திரை மாசம் என் அறையில மதியம் 36 டிகிரி இருக்கும். ரெண்டர் (எடிட் பண்ணுனத முழு வீடியோவா ஆக்குற வேலை) போட்டா கார்டு 83-க்குப் போய் அங்கயே நிக்கும். அதுக்கு வச்சிருக்குற இலக்கே 83 தான், அதத் தாண்டாம இருக்கத் தன் வேகத்தத் தானே குறைச்சுக்கும். 40 நிமிசத்துல முடியுற ரெண்டர் 55 நிமிசம் இழுத்துச்சு. மூணு ஃபேன் வச்ச தனிக் கூலர் ஒண்ணு வாங்கி மாட்டுனேன்.

முதல் நாள் ரெண்டர்ல கோர் (கார்டோட முக்கிய சிப்பு) 66. சத்தமே இல்ல. அவ்வளவு சந்தோசம். மூணாம் நாள் ஒரு கல்யாணத்தோட முழு நீளப் படம் ரெண்டர்ல ஓடிக்கிட்டிருக்கு, இருபதாவது நிமிசம் ஸ்கிரீன் கறுத்துப் போச்சு. மறுபடி போட்டேன், மறுபடி அதே இருபது நிமிசம். ஜிபியு-இசட் (கார்டோட சூட்டக் காட்டுற சாஃப்ட்வேர்) பதிவத் திறந்து பார்த்தா கடைசி வரி வரைக்கும் 66, 67 தான்.

கோர் குளிர்ச்சியா இருக்கவும் கார்டு மேல எனக்குச் சந்தேகமே வரல. டிரைவர மாத்துனேன், எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தர்ற பெட்டி) மாத்துனேன், யுபிஎஸ்ஸ விட்டுட்டு நேரடி லைன்ல போட்டேன். ரெண்டு வாரம் போச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க தெனம் போன்.

பக்கத்துத் தெருவுல விசைப்படகு எஞ்சின் பார்க்குற மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்கார். எஞ்சின் சூடு பார்க்க அவர்கிட்ட இன்ஃப்ராரெட் கன் இருக்கும். கேட்டதும் தந்தார். ஒண்ணு மட்டும் சொன்னார்: "தம்பி, மினுங்குற தகட்டுல காட்டாத, பொய் சொல்லும். போர்டு மேலயே காட்டு." கேபினெட் மூடியக் கழட்டி ரெண்டரப் போட்டுட்டு, கார்டோட முதுகுப் பக்கம் ஓரமாக் காட்டுனேன். கோருக்குப் பின்னாடி 64. அங்கருந்து ரெண்டு விரக்கடை தள்ளி, பவர் கேபிள் மாட்டுற பக்கம் 103.

அந்த இடத்துலதான் 12 வோல்ட்ட ஒரு வோல்ட் அளவுக்குக் குறைச்சுக் கோருக்குத் தர்ற மாஸ்ஃபெட்டுங்கிற சின்னச் சிப்புக இருக்கு. கார்டு 150 வாட்ஸ், அதுல பெரும்பங்கு கோருக்குத்தான், வோல்டேஜ் ஒண்ணுன்னா கரண்ட் நூறு ஆம்பியருக்கு மேல ஓடும். அந்தப் பகுதியோட சூட்டக் காட்ட நிறைய கார்டுகள்ல சென்சாரே கிடையாது. சாஃப்ட்வேர் 66-ன்னு சொல்றது கோர மட்டும்தான்.

கூலரோட சின்னச் சின்ன அலுமினியக் கட்டிக வந்துச்சு, டேப் போட்டு மாஸ்ஃபெட் மேலயும் மெமரி மேலயும் ஒட்டச் சொல்லி. கார்டக் கழட்டிக் கையில எடுத்தா ரெண்டு கட்டியக் காணோம். கேபினெட் அடியில கிடந்துச்சு. டேப்போட ஒட்டுப் பக்கம் விரல வச்சா நரநரன்னுச்சு, நாக்குல வச்சுப் பார்த்தேன், கரிச்சுச்சு. ஒட்டுறதுக்கு முந்தி சிப்புகள காஞ்ச துணியால மட்டும்தான் துடைச்சிருந்தேன், உப்புத் தூசி போகல. அந்தக் கட்டி கார்டு மேலயே விழுந்து கரண்ட் ஓடுற ரெண்டு புள்ளியத் தொட்டிருந்தா கார்டே போயிருக்கும்.

அப்புறம் செஞ்சது: பழைய ப்ளோயர்ல மெமரியையும் மாஸ்ஃபெட்டையும் மூடி ஒரு தகடு இருந்துச்சு. அத மட்டும் தனியாக் கழட்ட முடிஞ்சது, புதுக் கூலருக்கும் இடிக்கல. அதத் திரும்ப மாட்டி, மேல புதுக் கூலர வச்சேன். இதுல ஒரு தப்பு நடந்துச்சு. பழைய பேடு (சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவுல வைக்குற, சூடு கடத்துற மெத்து) பிஞ்சு போயிருந்ததால கடையில இருந்த 1.5 மில்லி பேடு போட்டேன். கோர் 88, ஹாட் ஸ்பாட் (கோர்லயே அதிகம் சூடாகுற புள்ளி) 105! கழட்டிப் பார்த்தா கோர் மேல தடவுன பேஸ்ட் (கூலருக்குச் சூட்டக் கடத்துற பசை) ஒரு பக்கம் கெட்டியா அப்படியே நிக்குது, இன்னொரு பக்கம்தான் நசுங்கியிருக்கு. பேடு தடிச்சதால தகடு தூக்கிக்கிட்டு, கூலர் கோர்ல சரியா உக்காரல. பழைய பேடோட பிஞ்ச துண்ட அளந்தா 1 மில்லி. அத வாங்கிப் போட்டு, நாலு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை மாத்தி மாத்திக் கொஞ்சங் கொஞ்சமா முறுக்குனேன்.

இப்ப அறை 34-ல கோர் 69, ஹாட் ஸ்பாட் 80, முதுகுல அந்த இடம் 81. ரெண்டு மணி நேர ரெண்டரும் ஓடி முடியுது. கோருக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் 25, 30 டிகிரி இடைவெளி தெரிஞ்சா முதல்ல பேஸ்டையும் அழுத்தத்தையும் பாருங்க. இன்னொண்ணு, நெட்டுல 58, 60-ன்னு போட்டிருக்குறதப் பார்த்துக் கவலப்படாதீங்க. அவங்க அறை 22-ல இருக்கும். நமக்கு 34. அந்த 12 டிகிரியும் அப்படியே மேல ஏறத்தான் செய்யும்.

கீழக்கரையிலிருந்து:

எனக்கு வேற மாதிரி. எங்க காக்கா (அண்ணன்) துபாயிலருந்து வரும்போது கூலர் வாங்கிட்டு வந்தார். மாட்டுன பிறகு கேம் ஓட்டுனா 86, கேம மூடுனா சர்ர்ன்னு இறங்கிரும். ஃபேன் வொயர மதர்போர்டுல குத்தியிருந்தேன். மதர்போர்டு பிராசசர் சூட்டப் பார்த்துத்தான் ஃபேனச் சுத்தும், கார்டு வேகுறது அதுக்குத் தெரியாது. கார்டுலயே இருக்குற சின்ன நாலு முள் சாக்கெட்டுக்கு ஒரு மாத்து வொயர் கிடைக்குது. அதப் போட்டதும் 71.

ப்ளோயர் சூட்டப் பின்பக்கமா வெளிய தள்ளிரும், இந்தக் கூலருக எல்லாம் கேபினெட்டுக்குள்ளயேதான் ஊதும், அதையும் மறந்துராதீங்க. உப்புக்காத்துக்குப் பயந்து நான் கம்ப்யூட்டர மர அலமாரிக்குள்ள வச்சிருந்தேன். அலமாரியோட பின்பலகைய எடுத்த பிறகு இன்னும் 5 டிகிரி குறைஞ்சது.

வாலிநோக்கத்திலிருந்து:

எங்க வாசல்ல இருந்து பார்த்தா உப்பளம் தெரியும். மழைக்காலத்துல அடுப்படி ஜாடியில கல்லுப்பு தண்ணி விட்டு நிக்குறத எல்லாரும் பார்த்திருப்போம். காத்துல ஈரம் 75 சதவீதத்தத் தாண்டுனா உப்பு தானே ஈரத்த இழுத்துக் கரைஞ்சிரும். கூலர் தகட்டுல படிஞ்ச உப்புத் தூசியும் அதையேதான் செய்யுது. மறுநாள் காஞ்சு, மறுபடி கரைஞ்சு, அதுல பஞ்சும் தூசியும் பசை மாதிரி ஒட்டிக்கிருது. செம்புக் குழாய் அலுமினியத் தகட்டத் தொடுற இடத்தப் பாருங்க, முதல்ல வெள்ளையா அங்கதான் பூக்கும். ரெண்டு உலோகமும் உப்புத் தண்ணியும் சேர்ந்தா அரிக்கிறது அலுமினியத்தத்தான்.

பாம்பன்ல கடல் அரிப்பப் பத்தி நம்மளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலத்துக்கே துரு ஏறாம இருக்கப் பாலிசிலாக்சேன் பூச்சு அடிச்சிருக்காங்க.

என் கார்டு ஐப்பசியில 70, தையில 78. பேஸ்ட் மாத்தியும் இறங்கல. ஃபேனுகளக் கழட்டிட்டு, தகடுகள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிசு பிரஷும் வச்சுக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டுனேன். 71. ஊதுகுழல் மட்டும் வச்சு அடிச்சா தூசி போகும், உப்பு போகாது. எங்க ஊர்க் குழாய்த் தண்ணிய அதுல காட்டவே கூடாது. வாடைக்காத்து மாசத்துல ராத்திரி கம்ப்யூட்டர ஆஃப் பண்ணுனா, சூடு ஆறுன பிறகு மேல ஒரு துணியப் போத்தி வைங்க. ஓடிக்கிட்டிருக்குற கார்டு கதகதன்னு இருக்குறதால ஈரம் தங்காது, ஆறிக் கிடக்குற கார்டுலதான் தங்கும்.

தொண்டியிலிருந்து:

அண்ணே, என்கிட்ட ஆர்எக்ஸ் 580 கார்டு இருக்கு, அதே மாதிரி கூலர் போடப் போறேன். பேடு 1 மில்லி வாங்கவா, 1.5 வாங்கவா?

தங்கச்சிமடத்திலிருந்து:

தம்பி, வாங்காத. ஒவ்வொரு கம்பெனி போர்டுக்கும் தகடு வேற, அளவும் வேற. முதல்ல கழட்டி, பழைய பேடுல அழுந்தாத ஓரத்த அளந்து பாரு. அளவத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லு. என்கிட்ட ரெண்டு அளவுலயும் மிச்சம் கிடக்கு. செவ்வாக்கிழமை ஒரு ஆல்பம் வாங்க ராமநாதபுரம் வருவேன், புது பஸ் ஸ்டாண்டுல வந்து வாங்கிக்க.