நியூஜெர்சில முதல் வீடு: டவுன் பேமெண்ட் உதவிப்பணம் நிஜமாவே திருப்பிக் கட்ட வேண்டாமா?

இசெலின் வாசி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா ஸ்பான்சர் பண்ணி க்ரீன் கார்டுல வந்து அஞ்சு வருஷம் ஆகுது. நான் வேர்ஹவுஸ்ல வேலை, வீட்டுக்காரம்மா டேகேர்ல இருக்காங்க, ரெண்டு பசங்க, ஒரே பெட்ரூம் அபார்ட்மெண்ட், வாடகை மாசம் 2,100 டாலர். வருஷா வருஷம் ஏத்திக்கிட்டே இருக்காங்க. இப்ப 3,20,000 டாலருக்கு ரெண்டு பெட்ரூம் காண்டோ (அடுக்குமாடில சொந்த வீடு) ஒண்ணு பாத்திருக்கோம், பசங்க ஸ்கூல் மாத்த வேண்டியதில்ல, அதான் மனசு அதுலயே நிக்குது. கையில 18,000 இருக்கு, நாலு வருஷமா சேத்தது. லோன் ஆபிசர் டவுன் பேமெண்ட் (முன்பணம்), க்ளோசிங் காஸ்ட் (வீடு கைமாறும்போது ஆகற செலவு) எல்லாம் சேத்து 23,000 வரைக்கும் வேணும்னு சொல்லிட்டாரு. ஃப்ரெண்ட்ஸ்குள்ள ஒரு சீட்டு போட்டிருக்கேன், தள்ளி எடுத்தா 6,000 வரும், அத எடுத்துரலாமான்னு யோசிச்சிட்டு இருந்தப்போதான் ஒருத்தர் ஸ்டேட்ல 15,000 சும்மா குடுக்கறாங்கன்னு சொன்னாரு. சும்மா யாரு குடுப்பா? வட்டி இருக்குமா, பின்னாடி வந்து கேப்பாங்களா? வாங்கினவங்க யாராவது சொல்லுங்க.

மிடில்செக்ஸ் அக்கா:
தம்பி, நாங்க வாங்கினோம், அதனால விவரமா சொல்றேன். மொதல்ல ஒண்ணு, அந்த சீட்ட இப்ப எடுக்காதீங்க, அதுக்கு அப்புறம் வரேன்.

நீங்க சொல்றது நியூஜெர்சி ஹவுசிங் அண்ட் மார்ட்கேஜ் ஃபைனான்ஸ் ஏஜென்சி குடுக்கறது. கவுண்டியைப் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பொறுத்து 10,000 இல்லன்னா 15,000. பேச்சுல எல்லாரும் கிராண்ட்னு சொல்லுவாங்க, பேப்பர்ல அது ரெண்டாவது மார்ட்கேஜ், அதாவது வீட்டு மேல எழுதற ரெண்டாவது அடமானக் கடன். வட்டி கிடையாது, மாசத் தவணை கிடையாது, அஞ்சு வருஷம் அந்த வீட்லயே இருந்தீங்கன்னா முழுசா தள்ளுபடி. அதுக்குள்ள வித்தாலோ ரீஃபைனான்ஸ் பண்ணாலோ (பழைய லோன அடைச்சு புது லோன் எடுக்கறது) திருப்பிக் கட்டணும். சும்மாவும் இல்ல, வழக்கமான கடனும் இல்ல, நடுவுல ஒரு அஞ்சு வருஷ வாக்கு அது.

உங்க கணக்கையே போட்டுப் பாருங்க. எஃப்எச்ஏ லோன்னா (ஃபெடரல் அரசு காப்பு குடுக்கற லோன்) டவுன் பேமெண்ட் 3.5 சதவீதம், அதாவது 11,200. மிச்சம் கிட்டத்தட்ட 12,000 க்ளோசிங், அதுல டைட்டில் இன்சூரன்ஸ் (பத்திரத்துல வில்லங்கம் வந்தா காப்பு), அப்ரைசல் (வீட்டு மதிப்பீடு), வக்கீல் ஃபீஸ், அப்புறம் எஸ்க்ரோல (டாக்ஸ் கட்ட லெண்டர் வச்சிருக்கற கணக்கு) முன்கூட்டியே போடற ப்ராபர்ட்டி டாக்ஸ் எல்லாம் வந்துரும், நம்ம ஸ்டேட்ல டாக்ஸ் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். 15,000 கிடைச்சா உங்க கையிலிருந்து 8,000 பக்கம்தான் போகும், 10,000 பக்கம் மிஞ்சும். அந்த மிச்சம் ரொம்ப முக்கியம் தம்பி, நாங்க குடி போன மூணாவது வாரம் ஹீட்டர் போயிருச்சு, ஜனவரி மாசம், பொண்ணு ஜாக்கெட்டோட தூங்குனா. கையில காசு இருந்ததால மறுநாளே மாத்தினோம்.

இப்ப சீட்டு விஷயம். லெண்டர், அதாவது லோன் குடுக்கறவங்க, கடைசி ரெண்டு மாச பேங்க் ஸ்டேட்மெண்ட் கேப்பாங்க. எங்க அக்கவுண்ட்ல சீட்டுப் பணம் 5,000 கேஷா போட்டிருந்தேன். லோன் பேப்பர சரிபாக்கற அண்டர்ரைட்டர் அந்த ஒரே வரிய மஞ்சள்ல கோடு போட்டு அனுப்பி, இது எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டாங்க. சீட்டுன்னா என்னன்னு அவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கறது? ரசீது இல்ல, எழுத்து இல்ல. கடைசில அந்தப் பணத்தக் கணக்குல சேத்துக்கவே இல்ல, க்ளோசிங் பதினோரு நாள் தள்ளிப் போச்சு, விக்கறவங்க கேன்சல் பண்ணிடுவோம்னு மிரட்டினாங்க, அந்தப் பதினோரு நாளும் நான் சரியா சாப்பிடல. ஊர்லேருந்து அப்பா குடுத்தாருன்னா பேங்க் வயர்ல வரட்டும், கிஃப்ட் லெட்டர்ல திருப்பித் தர வேண்டாம்னு எழுதி கையெழுத்து வாங்கிருங்க. கைமாத்து வாங்கிட்டு கிஃப்ட்னு மட்டும் எழுதிறாதீங்க, அது பொய் சொல்லிக் கையெழுத்து போடறது.

இன்னொண்ணு, நாங்க மொதல்ல போன லோன் ஆபிசர் இந்த உதவியப் பத்தி வாயே திறக்கல. அவரு ஏஜென்சி லிஸ்ட்ல இல்லாத லெண்டர். ஏஜென்சியோட சேந்து வேலை செய்யற லெண்டர்கிட்ட போனாத்தான் கிடைக்கும், ஏஜென்சியோட 30 வருஷ லோனோட சேத்துதான் குடுப்பாங்க. கிரெடிட் ஸ்கோர் 620 வேணும், வருமான வரம்பு உண்டு, வீடு வாங்கறவங்களுக்கான வகுப்பு முடிச்ச சர்டிஃபிகேட்டும் கேப்பாங்க.

பழைய கோவைக்காரன்:
அக்கா சொன்னது அத்தனையும் சரிங்க. நான் வேற ஸ்டேட்டுங்க, எங்க கவுண்டியில இதே மாதிரி வாங்கினேன். நாலாவது வருஷம் வேலை மாறி வீட்ட வித்தோம், முழுத் தொகையும் க்ளோசிங்லயே புடிச்சுக்கிட்டாங்க. வருஷத்துக்கு இவ்வளவுன்னு கொஞ்சம் கொஞ்சமா கழியும்னு நெனச்சிட்டு இருந்தேன். சில ப்ரோக்ராம்ல அப்படித்தான் கழியும், என்னோடதுல கடைசி நாள் வந்தாத்தான் மொத்தமா கழியும்னு பேப்பர்ல எழுதியிருந்துச்சு, நான் படிக்கலைங்க. உங்க கையெழுத்துக்கு வர்ற ரெண்டாவது நோட்ட (உதவிப்பணத்துக்கான கடன் பத்திரம்) உக்காந்து படிங்க, எந்தத் தேதியில தள்ளுபடின்னு பாத்து ஒரு காலண்டர்ல குறிச்சு வைங்க.

ஃபெடரல் ஹோம் லோன் பேங்க்னு நாடு முழுக்க 11 இருக்குங்க, வருஷ லாபத்துல 10 சதவீதம் வீட்டு உதவிக்கு ஒதுக்கணும்னு சட்டம். அந்தக் கிராண்டும் அதுல மெம்பரா இருக்கற பேங்க், கிரெடிட் யூனியன் (கூட்டுறவு பேங்க் மாதிரி) வழியாத்தான் வரும், பணம் சீக்கிரம் தீந்துரும். உங்க கிரெடிட் யூனியன்ல ஒரு வார்த்தை கேட்டு வைங்க.

புதுசா வந்தவன்:
நான் எச்1பி வேலை விசால இருக்கேன். எனக்கும் இதெல்லாம் கிடைக்குமா? எஃப்எச்ஏ எடுக்கலாம்னு போன வருஷம் வரைக்கும் சொல்லிட்டு இருந்தாங்களே.

மிடில்செக்ஸ் அக்கா:
இல்லப்பா, 2025 மே 25லேருந்து எஃப்எச்ஏ லோன் சிட்டிசனுக்கும் க்ரீன் கார்டு இருக்கறவங்களுக்கும்தான், விசால இருக்கறவங்களுக்கு நிறுத்திட்டாங்க. கன்வென்ஷனல் லோன் (எஃப்எச்ஏ மாதிரி அரசு காப்பு இல்லாதது) வழி இருக்கு, டவுன் பேமெண்ட் 3 சதவீதத்துலயே ஆரம்பிக்கற ஹோம்ரெடி மாதிரி லோன்ல வருமானம் ஏரியா மீடியன்ல (அந்தப் பகுதியோட நடு வருமானம்) 80 சதவீதத்துக்குள்ள இருக்கணும். உதவிப்பணத்துக்கு ஒவ்வொரு ப்ரோக்ராமும் ஒவ்வொரு மாதிரி கேக்கும், உன் விசா பேப்பர மொத நாளே லெண்டர் முன்னாடி வச்சுரு.

இசெலின் தம்பிக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. காண்டோன்னு சொன்னீங்கல்ல, அந்தக் கட்டடம் எஃப்எச்ஏ அப்ரூவல் லிஸ்ட்ல இருக்கான்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க. எஃப்எச்ஏல மார்ட்கேஜ் இன்சூரன்சும் (நாம கட்டாம போனா லெண்டருக்கு காப்பு) உண்டு, உங்க லோனுக்கு மாசம் 140 டாலர் சொச்சம் வரும், 10 சதவீதத்துக்குக் கீழ டவுன் பேமெண்ட்னா லோன் முடியற வரைக்கும் போகாது. மாசக் கணக்குல அதையும் அசோசியேஷன் ஃபீஸையும் சேத்துப் பாருங்க. அப்புறம், ஏஜென்சில ஃபர்ஸ்ட் ஜெனரேஷன்னு, குடும்பத்துல மொத தலைமுறையா வீடு வாங்கறவங்களுக்கு, கூடுதலா 7,000 உண்டு, அப்பா அம்மாவுக்கு வீடு இருக்கான்னு கேப்பாங்க, ஊர்ல இருந்தா மறைக்காம சொல்லிருங்க.

இசெலின் வாசி:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. வீட்ல உக்காந்து ரெண்டு பேரும் முழுசா வாசிச்சோம். சீட்ட எடுக்கல. இன்னைக்கு மத்தியானம் பிரேக்ல அந்த லிஸ்ட்ல இருக்கிற ஒரு லெண்டருக்கு போன் போட்டேன், காண்டோ அட்ரஸ் குடுத்து அப்ரூவல் பாக்கச் சொல்லிருக்கேன், வெள்ளிக்கிழமை சொல்றேன்னாங்க. ஊர்ல அப்பா பேர்ல ஓட்டு வீடு ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிட்டேன். வகுப்பு சனிக்கிழமைல இருந்தா நல்லா இருக்கும், வீட்டுக்காரம்மாவுக்கு அன்னைக்குத்தான் லீவு. பக்கத்துல எங்க நடக்குதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.