ஓடுறது எங்கட மெசினிலயா, டொலரிலயா?

ஏஐ வேலை வீட்டு மெசினில ஓடுதா, வெளியில காசுக்கு ஓடுதா எண்டு கண்டுபிடிக்கிற வழியளை ஊர் ஊரா ஆக்கள் சொல்லுகினம்.

கோண்டாவில், படம் எடிற்றிங்

ஏஐயால படம், வீடியோ செய்யிற கொம்ஃபியுஐயை 127.0.0.1:8188 எண்டு பிரவுசரில திறந்தால், எல்லாமே வீட்டுக் கொம்பியூட்டரில ஓடுது எண்டுதான் கன பேர் நினைக்கினம். 2025 மே மாதம் ஏபிஐ நோட் (வெளிக் கொம்பனியின்ர மொடலைக் காசுக்குக் கூப்பிடுற பெட்டி) வந்த பிறகு அந்த நம்பிக்கை சரிவராது. திரை வீட்டில, வேலை வெளியில எண்டும் நடக்கும்.

இறக்கின வேர்க்ஃப்ளோவை (பெட்டியளை வயரால தொடுத்த வேலை வரிசை) ஓட விட முதல் ஒவ்வொரு பெட்டியா வடிவாப் பாருங்கோ. வீட்டில ஓடுறதெண்டால் 'லோட் செக்பொயின்ற்' அல்லது 'லோட் டிஃபியூஷன் மொடல்' பெட்டி கிடக்கும். அதுக்குள்ள சேஃப்ரென்சர்ஸ் எண்டு முடியிற மொடல் ஃபைல் பேர் இருக்கும். பிறகு கேசாம்ப்ளர், விஏஇ டிகோட் எண்டு வயர் நீளும். காசுப் பெட்டியில இது ஒண்டும் இல்லை. எழுதிற இடம், படத்தின்ர அளவு, சீட் (படம் எப்பிடி வரும் எண்டு தொடக்கிற எண்), அவ்வளவுதான்; ஒரே பெட்டியில இருந்து முடிஞ்ச படம் வந்து விழும். தலைப்பில கிரெடிற் விலையும் ஒட்டியிருக்கும். பேரில ஏமாத்திறது ஃபிளக்ஸ் எண்ட பட மொடல்: டெவ், ஷ்னெல் ரெண்டும் ஃபைலாக் கிடைக்கும், 1.1 புரோ ஏபிஐயில மட்டும்.

கலப்பு வேர்க்ஃப்ளோவிலதான் பிடிபடுறது கஷ்ரம். கலியாண அல்பப் படத்தைத் துப்புரவாக்கிறது முழுக்க வீட்டில நடக்கும். கடைசியில அதை 5 செக்கன் வீடியோ ஆக்கிற பெட்டி மட்டும் க்ளிங் அல்லது வியோ எண்ட வெளி வீடியோ மொடல். அந்த ஒரு பெட்டிக்குத்தான் காசு. சீட் 'ரான்டமைஸ்' இல இருந்தால் 'ரன்' அமத்திற ஒவ்வொரு தரமும் புதுக் கட்டணம். 'ஃபிக்ஸ்ட்' எண்டால், வேறொண்டும் மாறாதவரை பழைய விடையையே திருப்பித் தரும். 'ரான்டமைஸ்' இல எண்ணிக்கையை 10 எண்டு விட்டுட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் 10 தரம் காசு வெட்டும். லொகின் செய்யாமல் இந்தப் பெட்டியள் ஓடாது. கடையில பொடியள் பாவிக்கிற மெசின் எண்டால் லொகினே வேண்டாம். ஸ்ராற் பண்ணுற வரியில 'டிசேபிள் ஏபிஐ நோட்ஸ்' ஒப்ஷனையும் சேர்த்து விடுங்கோ.

கொக்குவில், ஒல்லாமா

அண்ணை சொன்ன கதைதான், எழுத்து மொடலுகளை மெசினில ஓட்டிற ஒல்லாமாவிலயும். அதின்ர 11434 போர்ட்டில (மெசினுக்குள்ள இருக்கிற வாசல் எண்) பதில் வருது, ஆனபடியால் லோக்கல் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. 2025 செப்ரெம்பரில இருந்து வெளி சேர்வரில ஓடுற கிளவுட் மொடலும் அதே போர்ட்டாலதான் வருது. கட்டளை வரியில 'ஒல்லாமா லிஸ்ற்' அடிச்சுப் பாருங்கோ. பேரின்ர வால் 'கிளவுட்' எண்டு முடிஞ்சு, அளவு இருக்கிற இடத்தில வெறும் கோடு கிடந்தால் ஃபைல் உங்களிட்ட இல்லை. கொஞ்சம் இலவசம், அதுக்கு மேல மாதக் கட்டணம். ஜிபிரி-ஓஎஸ்எஸ் 120பி எண்ட மொடல் கிட்டத்தட்ட 65 ஜிபி; 8 ஜிபி ராம் லப்ரொப்பில அது சடசடவெண்டு எழுதினால் அங்கயே விளங்க வேணும்.

ஓடிக்கொண்டிருக்கேக்க 'ஒல்லாமா பிஎஸ்' அடியுங்கோ. 'புரொசெசர்' நிரலில முழுக்க ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்ட்), முழுக்க சிபியு, இல்லாட்டி ரெண்டுக்கும் பிரிச்சு வீதம் வரும். வேலை முடிஞ்சு 5 நிமிசத்தில மொடல் இறங்கிடும், பிறகு அடிச்சால் வெறுமையாத்தான் காட்டும். 4-பிற்றுக்குச் சுருக்கின 8பி மொடல் 5 ஜிபி சுற்று. 4 ஜிபி கார்ட்டில ஒரு பங்கு சிபியுவுக்குப் போய் ஆமை மாதிரி ஊரும். அதைப் பிழை எண்டு நினையாதேங்கோ. அப்பிடி ஊருறது லோக்கலுக்கு ஒரு அடையாளம்.

திருநெல்வேலி, என்8என், பைதன்

பெரிய மொடலை எல்லாரும் பாப்பினம். காசு ஒழுகிறது பக்கத்து வேலையளால. என்8என்னில (வேலையளைத் தொடுத்துத் தானா ஓட விடுற கருவி) கட்டின, பிடிஎஃப் நோட்ஸை வாசிச்சுப் பதில் சொல்லுற வேர்க்ஃப்ளோவில சற் மொடல் ஒல்லாமாவா இருக்கும், எம்பெடிங் (எழுத்தைத் தேடுறதுக்கு எண்ணாக்கிற வேலை) ஓபன்ஏஐயா இருக்கும். பைதனில பாவிக்கிற லாமாஇன்டெக்ஸில எம்பெடிங்குக்கு ஒண்டும் குடுக்காட்டி தானா ஓபன்ஏஐயைத்தான் எடுக்கும். மெசினில பழைய ஏபிஐ கீ (காசுக் கணக்கின்ர ரகசியச் சாவி) கிடந்தால் சத்தமில்லாமல் ஓடும், இல்லாட்டி பிழை காட்டும். பிழை காட்டிறதுதான் நல்லது. லைட்எல்எல்எம் (கேள்வியை வேற வேற மொடலுக்கு அனுப்பிற இடைக் கருவி) வைச்சிருக்கிறவை 'ஃபோல்பாக்' வரியைப் பாருங்கோ: லோக்கல் மொடல் விழுந்தால் அதில எழுதிக் கிடக்கிற காசு மொடலுக்குத் தாவும்.

கீ எல்லாத்தையும் கழட்டிப்போட்டு ஓட விடுங்கோ. விண்டோஸ் என்விரொன்மென்ற் வேரியபிள், புரொஜெக்ற் ஃபோல்டரில கிடக்கிற என்வ் ஃபைல், என்8என் கிரெடென்ஷியல், மூண்டு இடத்திலயும். 401 (அனுமதி இல்லை) எண்டோ கீ இல்லை எண்டோ எது கத்துதோ அதுதான் காசுப் பக்கம். ஓபன்ஏஐ நோட்டையே லோக்கலுக்குப் பாவிக்கிறதெண்டால் பேஸ் யூஆர்எல்லை 11434க்கு மாத்தி, முடிவில வி1 சேர்த்து, கீயில சும்மா ஒரு சொல்லை எழுதுங்கோ. யூஆர்எல் பிழைச்சாலும் காசு போகாது.

டொக்கரில (புறோகிராமைக் கொன்ரெய்னர் எண்ட தனி அடைப்புக்குள்ள ஓட்டிறது) போட்ட என்8என்னுக்கு லோக்கல்ஹோஸ்ற் எண்டது அந்தக் கொன்ரெய்னர்தான், மெசின் இல்லை. அதாலதான் இணைப்பு மறுக்கப்படுது, ஹோஸ்ற்.டொக்கர்.இன்ரேர்னல்:11434 எண்டு குடுக்கோணும். இது விளங்காமல் 'ஒல்லாமா வேலை செய்யுதில்லை' எண்டு காசு கேக்கிற ஏபிஐ நோட்டுக்கு மாத்திப் போட்டுட்டு, அப்பிடியே மறந்துபோறதுதான் வழமை.

சுன்னாகம்

ஏன் அண்ணை இவ்வளவு? ரவுட்டரைக் கழட்டிப்போட்டு ஓட விட்டால் தெரியும்தானே.

திருநெல்வேலி

பாதிதான் தெரியும் தம்பி. முதல் தரம் ஓடேக்க ஹக்கிங்ஃபேஸ் எண்ட மொடல் தளத்தில இருந்து ஃபைல் இறங்க வேணும், நெற் இல்லாட்டி விழும். அது காசு வேலை இல்லை. எல்லாம் இறங்கின பிறகு கழட்டு. ஃபோல்பாக்கும் இதில பிடிபடாது, லோக்கல் சரியா ஓடினால் அது ஏன் தாவப்போகுது? அதுக்கு மறுவளமாச் செய்: நெற்றை விட்டுட்டு ஒல்லாமாவை நிப்பாட்டு. அப்பவும் பதில் வந்தால் வெளியில போகுது.

நல்லூர், கணக்கு

சற்ஜிபிரி பிளஸ் கட்டினாலும் ஏபிஐ அதுக்குள்ள இல்லை, ரெண்டும் வேற பில். ஆந்த்ரோபிக்கின்ர புறோகிராம் எழுதித்தாற குளோட் கோட் பாவிக்கிறவை இன்னும் கவனம்: சந்தா இருந்தாலும் மெசினில ஆந்த்ரோபிக் ஏபிஐ கீ கிடந்தால் ஏபிஐ கணக்கில வெட்டும். ஓபன்ஏஐயில 5 டொலர் போட்டு, ஓட்டோ ரீசார்ஜை நிப்பாட்டி வையுங்கோ.

தமிழுக்கு ரோக்கனும் (ஏபிஐ காசு கணக்குப் பாக்கிற எழுத்துத் துண்டு) கூட. 2024 மே மாதம் ஜிபிரி-4ஓவோட ஓபன்ஏஐ காட்டின உதாரணத்தில ஒரே தமிழ்ப் பகுதி 116 ரோக்கனில இருந்து 35 ஆக் குறைஞ்சது. பழைய மொடல் பேரை மாத்தாமல் விட்ட வேர்க்ஃப்ளோ இன்னும் பழைய எண்ணிக்கையிலதான் நிக்கும்.

லோக்கலும் சும்மா இல்லை. 300 வொற் இழுக்கிற மெசின் 3 மணித்தியாலம் 20 நிமிசத்தில 1 யூனிற் கரண்ட். 12 ஜிபி ஃபைலை ஃபோன் டேற்றாவில இறக்கிறது அதைவிட நோகும்.

கொக்குவில், ஒல்லாமா

விண்டோஸ் எண்டால் 'ரிசோர்ஸ் மொனிற்றர்' திறந்து, நெட்வேர்க் பக்கத்தில பைதன், ஒல்லாமா ரெண்டையும் ரிக் பண்ணி வையுங்கோ. அப்டேற் பார்க்க ஒருக்கா வெளியில போகும், அதை விடுங்கோ. கேள்வி கேக்கிற ஒவ்வொரு தரமும் அதே வெளி முகவரி தெரிஞ்சால்தான் சங்கதி.