பழைய கதையைத் திரும்ப எழுதிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். எனக்கு நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை அலை வந்தபோது தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எனக்கு 12 வயது, அவனுக்கு 5. அன்றிலிருந்து எனக்குள் ஓடுவது ஒரே வரிதான்: "நான் கையை விட்டுட்டேன்."

இப்போது பார்க்கும் ஆலோசகர் அதை எழுதச் சொன்னார். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் 1986 ஆய்விலிருந்து வந்த முறையாம். தினம் 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், பிழை பார்க்காமல் எழுத வேண்டும்.

இரண்டு நாளும் அதே வரிதான் வந்தது. மூன்றாம் நாள், கருவேலங்கிளை என் தோளைக் கிழித்ததும் வலது கை மரத்துப்போனதும் வந்தன. தழும்பு இன்னும் இருக்கிறது. இத்தனை வருடம் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. "தண்ணீர் பிடுங்கிக்கொண்டது" என்று முதல்முறையாக எழுதினேன். அன்று இரவு தூங்கவில்லை, அது வேறு கதை.

சரி, கேள்விக்கு வருகிறேன். நான்காம் நாளுக்கு நோட்டைத் திறக்கவே கை வரவில்லை. இப்படி எழுதியவர்கள் நடுவில் இடைவெளி விட்டீர்களா? அப்புறம், அம்மாவிடம் காட்டலாமா? இதுவரை அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை, அதுதான் பயமே. ஆலோசகரிடமும் கேட்பேன், ஆனாலும் அனுபவப்பட்டவர்கள் சொல்வது வேறு.

"மறந்துடு" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், சொந்தக்காரர்களிடம் நிறையக் கிடைக்கிறது. இன்பாக்ஸில் எழுதினாலும் சரி.