படுத்தால் கால் உளைச்சல், அம்மாவுக்கு ராத்திரி தூக்கமே இல்லை

பள்ளத்தூர்க்காரன்:
அம்மாவுக்கு 54 வயது, காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையில் வேலை. முகூர்த்த மாதம் வந்தால் சீர்ப் பலகாரத்துக்காக விடியற்காலையிலிருந்தே அடுப்படியில் நின்று தேன்குழல், மணகோலம், அதிரசம் என்று சுட்டுக்கொண்டே இருப்பார். பகலில் கால் வலி என்று சொல்வதே இல்லை. ராத்திரி படுத்த கொஞ்ச நேரத்தில் இரண்டு கெண்டைக்காலிலும் உளைச்சல், உள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறதாம், காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லையாம். எழுந்து வளவைச் சுற்றி நடந்தால் விட்டுவிடுகிறது, படுத்தால் மறுபடியும் ஆரம்பம். அப்பத்தா நின்ற அலுப்பு என்று தைலம் தேய்த்து விடுகிறார். ரத்தம் 12 இருக்கிறது, பயமில்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வேறு என்ன பார்க்க வேண்டும்?

தேவகோட்டை நர்ஸ்:
தம்பி, நின்ற அலுப்போ நரம்புச் சுருட்டலோ என்றால் படுத்துக் காலை உயர்த்தி வைத்ததும் குறைய வேண்டும். படுத்தால் வந்து நடந்தால் போகிறது என்றால் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோமாக, அதாவது ஓய்வில் காலை ஆட்டச் சொல்லித் தவிக்க வைக்கிற நோயாக இருக்க நிறைய வாய்ப்பு. 1945-லேயே ஸ்வீடனில் எக்போம் என்ற நரம்பியல் டாக்டர் இதை விவரமாக எழுதிவிட்டார், அதனால் வீட்டில் யாரும் மனப்பிரமை என்று சொல்லி அவரை நோகடிக்காதீர்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம், அதற்கு ஃபெரிட்டின் என்று தனியாக ரத்தப் பரிசோதனை இருக்கிறது, கேட்டு எடுங்கள். லேப் தாளில் 20, 30 இருந்தால்கூட நார்மல் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் இந்தத் தொந்தரவு உள்ளவர்களுக்கு 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்க்கிறார்கள். பரிசோதிக்காமல் நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம், இரும்பு கூடினாலும் கெடுதல். கிட்னிக்கும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், அதில் கோளாறு இருந்தாலும் இது வரும்.

புதுவயல் மாமா:
சர்க்கரை உண்டா? என் சம்சாரத்துக்கு உள்ளங்கால் எரிச்சலும் மதமதப்புமாக ராத்திரியில்தான் கூடும், ஆனால் நடந்தாலும் குறையாது, அது சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ரொம்ப வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்:
சர்க்கரை இல்லை மாமா. அக்கா, அம்மா சாப்பிட்ட கையோடு டீ குடிப்பார், சாயங்காலம் கடையிலும் இரண்டு தடவை. அப்புறம் மாவுத் தூசிக்குத் தும்மல் வருகிறது என்று ராத்திரி ஒரு சளி மாத்திரை போடுகிறார், நல்லாத் தூக்கம் வரும் என்று கடையில் கொடுத்தது. இதெல்லாம் காரணமாக இருக்குமா?

தேவகோட்டை நர்ஸ்:
அந்த மாத்திரையின் அட்டையை அவசியம் டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கம் வரவைக்கிற பழைய வகைச் சளி மாத்திரைகள் இந்தக் கால் தவிப்பைக் கூட்டும், தூக்கக் கலக்கம் தராத வேறு வகைச் சளி மாத்திரையும் இருக்கிறது. டீ இரும்பைச் சேரவிடாது, சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், சாயங்கால டீயை நிறுத்திப் பார்க்கட்டும். படுக்கும் முன் கெண்டைக்காலை நன்றாக நீட்டி மடக்கி, வெந்நீர் ஊற்றினால் சிலருக்கு இதமாக இருக்கும், அப்பத்தா தேய்த்து விடுவதும் நல்லதுதான், தொடரட்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாகி வலித்தால் மட்டும் தேய்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், அது ரத்தக் கட்டாக இருக்கலாம். ஃபெரிட்டின் எவ்வளவு வந்தது என்று இங்கே போடுங்கள்.